தினம் பத்து நிமிடத் தியானம்

தியானம் என்பது கவனத்தை ஏதேனும் ஒன்றின் மீது வைத்து, அது விலகும்போதெல்லாம் திரும்பக் கொண்டுவந்து வைக்கும் பயிற்சி. அந்த ஒன்று மூச்சாக இருக்கலாம், மந்திரமாக இருக்கலாம், புருவ நடுவாக இருக்கலாம், விளக்கின் சுடராகவும் இருக்கலாம். எதன் மீது வைப்பது என்பதில்தான் மரபுகள் வேறுபடுகின்றன. விலகுவதும் திரும்புவதும் எல்லாவற்றுக்கும் பொது. இதை நாளுக்கு ஒரு முறையோ இரு முறையோ, பத்து முதல் இருபது நிமிடம் வரை, வேலையையும் வீட்டையும் விடாமல் செய்து வருவதே குறுந்தியானம். ஆசிரமத்தில் தங்கி நாள் முழுக்க உட்காரும் தீவிரப் பயிற்சி வேறு. அதன் பலனும் வேறு, ஆபத்தும் வேறு.

சென்னையின் தென்புறத்தில் உள்ள தாம்பரம் வட்டாரத்தில் இரண்டு வகைக்கும் இடம் உண்டு. திருநீர்மலைக்கு அப்பால் திருமுடிவாக்கத்தில் ‘தம்ம சேது’ என்ற விபாசனா மையம் இருக்கிறது. எஸ்.என். கோயங்கா 1969-இல் பர்மாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த முறை அங்கே கற்பிக்கப்படுகிறது. பத்து நாள் வாய் பேசாமல் தங்கிப் பயில வேண்டும். வீடு திரும்பியபின் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். காலை ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களில் எத்தனை பேரால் இதைத் தொடர முடியும் என்பது எளிதில் ஊகிக்கக் கூடியதே. மணப்பாக்கத்தில் ஸ்ரீ ராம் சந்திர மிஷனின் ஆசிரமம் இதயத்தில் கவனம் வைக்கும் சகஜ மார்க்கத்தைக் கற்பிக்கிறது. பெருங்களத்தூரை ஒட்டிய சதானந்தபுரம் அங்குள்ள சதானந்த சுவாமிகள் ஆசிரமத்தால் பெயர் பெற்றது. ஆனால், குடும்பம் நடத்துகிறவர்கள் தினமும் கொஞ்ச நேரத்தில் செய்து முடிக்கும்படி தியானத்தைத் திருத்தி அமைத்து, ஊர் ஊராகப் பரப்பியவர் தாம்பரம் வழியாகச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில், வண்டலூரும் ஊரப்பாக்கமும் தாண்டிய கூடுவாஞ்சேரியில் பிறந்த ஒரு நெசவாளர்.

பின்னாளில் வேதாத்திரி மகரிஷி என்று அறியப்பட்ட அவர் பிறந்தது 1911 ஆகஸ்ட் 14. நெசவுக் குடும்பம், பள்ளிப் படிப்பு சில ஆண்டுகளோடு நின்றது. தறியில் உட்கார்ந்தார், சென்னையில் வேலை பார்த்தார், பிறகு கூடுவாஞ்சேரியில் கைத்தறித் தொழில் நடத்தினார். பரஞ்சோதி மகானிடம் குண்டலினி யோகம் கற்றார். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1984-இல் பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறில் அறிவுத் திருக்கோயில் அமைந்தது. 2006 மார்ச் 28-இல் காலமானார். அவர் முறைக்கு ‘மனவளக்கலை’ என்று பெயர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில்கூட மனவளக்கலை மன்றத்தின் பலகையைப் பார்க்கலாம். ‘வாழ்க வளமுடன்’ என்ற அவருடைய வாழ்த்து ஆட்டோக்களின் முதுகிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் ஏறிவிட்டது.

அவர் செய்த மாற்றம் என்ன என்பதைப் பார்ப்பது பயன் தரும். பழைய குண்டலினி யோகம் முதுகெலும்பின் அடியில், மூலாதாரத்தில் தொடங்கிப் படிப்படியாக மேலே போகும்; ஆண்டுக்கணக்கில் ஆகும்; ஆசாரமும் கட்டுப்பாடும் அதிகம்; பெரும்பாலும் துறவிகளின் வழி. வேதாத்திரி முறையில் ஆசிரியர் புருவ நடுவைத் தொட்டுத் தீட்சை தருகிறார். பயிற்சி ஆக்கினை எனப்படும் அந்த இடத்திலேயே தொடங்குகிறது. அடுத்து ‘சாந்தி தவம்’: கவனத்தைக் கீழே இறக்கி மூலாதாரத்தில் வைப்பது. அதற்குப் பிறகே உச்சந்தலையில் கவனம் வைக்கும் துரியம். ஒரு அமர்வு இருபது நிமிடத்தைச் சுற்றி முடிந்துவிடும். கூடவே எளிய உடற்பயிற்சி, காயகற்பம், அகத்தாய்வு. சம்பளம் வாங்குகிறவரும் சமையல் செய்கிறவரும் செய்யக் கூடியதாக ஒரு பழைய சாதனையைச் சுருக்கியதுதான் அவருடைய பெரிய பங்களிப்பு.

இதற்கு அவர் சொன்ன விளக்கம், அதாவது உடலில் சீவகாந்தமும் பிரபஞ்சத்தில் வான்காந்தமும் இயங்குகின்றன என்ற தத்துவம், இயற்பியல் ஆய்வகங்களில் நிலைநாட்டப்பட்ட ஒன்றல்ல. அது மெய்யியல். பயிற்சியை அதிலிருந்து பிரித்தே பார்க்கலாம். விளக்கம் எதுவாக இருந்தாலும், ஒருவர் கண்ணை மூடி இருபது நிமிடம் ஓரிடத்தில் கவனம் வைத்தால் உடலிலும் மனத்திலும் என்ன நடக்கிறது என்பதை அளந்து பார்க்க முடியும். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த அளவீடு நடந்துவருகிறது. அதன் தொடக்கத்தில் இந்திய உடலியலாளர்களுக்கு முக்கியப் பங்கு உண்டு.

தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் பி.கே. ஆனந்த், ஜி.எஸ். சின்னா, பல்தேவ் சிங் மூவரும் யோகிகளின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து 1961-இல் வெளியிட்டார்கள். விழித்திருக்கும் ஒருவர் கண்ணை மூடி ஓய்வாக இருக்கும்போது மூளையில் ஆல்ஃபா அலைகள் தோன்றும். சட்டென்று ஒளி பட்டாலோ ஓசை கேட்டாலோ அவை கலைந்துவிடும். அந்த யோகிகளுக்குத் தியானத்தின்போது ஒளி, ஓசை, சூடு எதனாலும் ஆல்ஃபா கலையவில்லை. இருவர் 4 டிகிரி செல்சியஸ் குளிர்ந்த நீரில் கையை 45 முதல் 55 நிமிடம் வரை வைத்திருந்தார்கள். அப்போதும் ஆல்ஃபா தொடர்ந்தது. அதே ஆண்டில் ஆனந்த், அமெரிக்கர் வெங்கர், பாக்சி ஆகியோருடன் சேர்ந்து வெளியிட்ட இன்னொரு ஆய்வு வேறு மாதிரி முடிந்தது. இதயத்தை நிறுத்திக் காட்டுவதாகச் சொன்ன யோகிகளைப் பரிசோதித்தபோது இதயம் நிற்கவில்லை. மூச்சை அடக்கி மார்புத் தசையை இறுக்கியதில் நாடி கைக்கு எட்டாமல் போயிருந்தது. இதயத்தின் மின்பதிவு தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஆண்டில் வந்த இந்த இரண்டு முடிவுகளும் தியான ஆய்வின் பிற்கால வரலாறு முழுவதற்கும் பொருந்தும்: சில உரிமைகோரல்கள் நிற்கின்றன, சில விழுகின்றன.

அமெரிக்காவில் ராபர்ட் கீத் வாலஸ் 1970-இல் ஆழ்நிலைத் தியானம் செய்கிறவர்களிடம் ஆக்சிஜன் செலவு குறைவதைக் காட்டினார். ஹார்வர்டு இதயநோய் மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் அதை மேலும் ஆராய்ந்து, 1975-இல் ஒரு நூலாக எழுதினார். அபாயத்தைக் கண்டதும் இதயம் படபடத்து, மூச்சு வாங்கி, தசை முறுக்கேறுவது பரிவு நரம்பு மண்டலத்தின் வேலை. அதற்கு நேர் எதிரான ஓர் ஓய்வு நிலையையும் உடல் வேண்டும்போது வரவழைக்கலாம் என்பது பென்சனின் வாதம். அதற்கு அவர் சொன்ன தேவைகளில் முக்கியமானவை இரண்டு: ஒரு சொல்லையோ ஒலியையோ மூச்சையோ திரும்பத் திரும்பக் கவனிப்பது; இடையில் வரும் எண்ணங்களோடு சண்டை போடாமல் விட்டுவிடுவது. பத்து முதல் இருபது நிமிடம் என்ற அளவு பரவலானதற்கு இந்த நூலும் ஒரு காரணம்.

உடலில் முதலில் மாறுவது மூச்சு. பெரியவர்கள் ஓய்வில் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சு விடுகிறார்கள். இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் 2001-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு சுவையான ஆய்வை வெளியிட்டார்கள். கத்தோலிக்கர் சொல்லும் ஜெபமாலையை இலத்தீனில் சொன்னாலும் சரி, பௌத்த மந்திரத்தைச் சொன்னாலும் சரி, மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியிலும் இரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் அவை இதயத்தை மெதுவாக்கும், இறங்கினால் வேகப்படுத்தும். நிமிடத்துக்கு ஆறு என்ற மூச்சு, இந்தச் சுற்றுக்கு இயல்பாக உள்ள ஏறக்குறைய பத்து விநாடித் தாளத்தோடு ஒத்துப்போவதால் அதன் கூர்மை கூடுகிறது. மூச்சை வெளியே விடும்போது வேகஸ் நரம்பின் பிடி இறுகி இதயத் துடிப்பு சற்றுக் குறையும் என்பதும் இதில் சேரும். மயிலாப்பூர் கோயிலில் நாமம் சொல்கிறவருக்கும் சாந்தோமில் ஜெபமாலை உருட்டுகிறவருக்கும் இதயத்தில் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

பெங்களூரு நிமான்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2011-இல் ஓங்காரத்தை எடுத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து ‘ஓம்’ என்று நீட்டிச் சொல்லச் செய்தார்கள். ஒப்பிடுவதற்காக ‘ஸ்ஸ்ஸ்’ என்ற ஒலியையும் எழுப்பச் செய்தார்கள். ஓம் சொன்னபோது, அச்சத்தோடும் உணர்ச்சிக் கொந்தளிப்போடும் தொடர்புடைய அமிக்டலா உள்ளிட்ட மூளைப் பகுதிகளில் செயல்பாடு குறைந்தது. ‘ஸ்ஸ்ஸ்’ அப்படிச் செய்யவில்லை. பன்னிரண்டு பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. ஆய்வாளர்களே இதை முன்னோடி முயற்சி என்றுதான் அழைத்தார்கள்.

மூச்சுக்கு அடுத்தது கவனம். மனம் அலைவது குறையல்ல, மூளையின் இயல்பு. கையில் வேலை இல்லாதபோது மூளையின் சில பகுதிகள் ஒன்றுசேர்ந்து சுறுசுறுப்பாகின்றன. நேற்று நடந்த சண்டை, நாளை கட்ட வேண்டிய தவணை, மற்றவர் தன்னைப் பற்றி என்ன நினைப்பார் என்ற கவலை எல்லாம் அப்போது ஓடுகின்றன. ஹார்வர்டின் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2,250 பேரைக் கைபேசி வழியாக அன்றாடம் பல நேரங்களில் கேட்டு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்ட தருணங்களில் 46.9 சதவீதத்தில் மனம் செய்யும் வேலையில் இல்லை. அலையும் நேரத்தில் மகிழ்ச்சியும் குறைவாக இருந்தது. 2011-இல் யேல் பல்கலைக்கழகக் குழு ஒன்று, நீண்ட காலம் தியானம் செய்தவர்களின் மூளையில் இந்த அலைச்சல் வலையமைப்பின் செயல்பாடு குறைவாக இருப்பதைக் காட்டியது.

எமரி பல்கலைக்கழகத்தில் வெண்டி ஹாசன்காம்ப் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுணுக்கமானது. மூச்சைக் கவனிக்கும் தியானிகள், மனம் விலகிவிட்டது என்று உணர்ந்த கணத்தில் பொத்தானை அழுத்தினார்கள். அதை வைத்துப் பார்த்தால் ஒரு தியான அமர்வு நான்கு நிலைகள் சுற்றிச் சுற்றி வரும் ஓட்டம்: மனம் அலைகிறது, அலைந்ததைக் கவனிக்கிறது, கவனத்தைத் திருப்புகிறது, மூச்சில் நிற்கிறது, மறுபடியும் அலைகிறது. ஒவ்வொரு நிலையிலும் மூளையின் வெவ்வேறு பகுதிகள் வேலை செய்கின்றன. பலரும் தியானத்தைக் கைவிடுவதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. ‘எனக்கு மனம் நிற்கவே மாட்டேன் என்கிறது, தியானம் வராது’ என்று சொல்லி எழுந்துவிடுகிறார்கள். இழை அறுந்தால் நெசவாளர் முடிச்சுப் போட்டுக்கொண்டு மேலே நெய்கிறார். அறாத இழைக்காகக் காத்திருப்பதில்லை. விலகிய கவனத்தைத் திருப்புவதே இங்கே பயிற்சி. இருபது முறை விலகினால் இருபது முறை பயிற்சி நடந்தது என்று கணக்கு.

பலன்கள் எவ்வளவு என்ற கேள்விக்கு 2014-இல் வந்த பதில் இன்றும் பெருமளவு செல்லும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மாதவ் கோயலும் குழுவினரும் ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளைச் சலித்து, குலுக்கல் முறையில் குழு பிரித்து ஒழுங்காக நடத்தப்பட்ட 47 ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் பங்கேற்றவர்கள் 3,515 பேர். பதற்றம், மனச்சோர்வு, உடல்வலி மூன்றிலும் தியானம் நடுத்தர அளவிலான நம்பகத்தோடு சிறிய, ஆனால் மெய்யான முன்னேற்றம் தருவதாகத் தெரிந்தது. கவனக் கூர்மை, தூக்கம், உடல் எடை, கெட்ட பழக்கங்களை விடுவது ஆகியவற்றில் முடிவு சொல்லும் அளவுக்கு அன்று சான்று இல்லை. மருந்து, உடற்பயிற்சி, பிற உளவியல் சிகிச்சைகளைவிடத் தியானம் மேலானது என்பதற்கும் சான்று இல்லை. தியானத்தை விற்கிறவர்கள் இந்த ஆய்வின் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது வழக்கம்.

அதன் பிறகு வந்த ஆய்வுகள் சில இடைவெளிகளை நிரப்பியிருக்கின்றன. தூக்கம் சரியில்லாத முதியவர்கள் 49 பேரை வைத்து 2015-இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், ஆறு வாரம் மூச்சைக் கவனிக்கும் பயிற்சி பெற்றவர்களின் தூக்கம், தூக்க ஒழுங்கு பற்றிப் பாடம் கேட்டவர்களின் தூக்கத்தைவிட மேம்பட்டது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் ஹோஜ் குழு, பதற்ற நோய் உள்ள 276 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு எஸ்சிட்டலோபிராம் மாத்திரை; மறு பாதிக்கு எட்டு வார முழுக்கவனப் (மைண்ட்ஃபுல்னஸ்) பயிற்சி. எட்டு வாரத்தில் இரு பக்கமும் பதற்றம் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. ஆனால் அந்தப் பயிற்சியில் தினமும் 45 நிமிடம் வீட்டில் உட்கார வேண்டும். பத்து நிமிடத்துக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. இரத்த அழுத்தம் உள்ளிட்ட இதயநோய் அபாயங்களைப் பொறுத்தவரை, அமெரிக்க இதயச் சங்கம் 2017-இல் சான்றுகளைப் பரிசீலித்து, வழக்கமான சிகிச்சைக்குத் துணையாகத் தியானத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. துணையாக என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும்.

குறுகிய நேரம் போதுமா? இதை நேரடியாகச் சோதித்த ஆய்வுகள் குறைவு. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வெண்டி சுசூகியின் ஆய்வகம் 2019-இல் வெளியிட்டது அவற்றில் முக்கியமானது. தியானமே பழகாதவர்களில் ஒரு பகுதியினர் தினம் 13 நிமிடம் ஒலிப்பதிவின் வழிகாட்டலோடு தியானம் செய்தார்கள். மற்றவர்கள் அதே 13 நிமிடம் வானொலி உரை போன்ற ஒரு நிகழ்ச்சியைக் கேட்டார்கள். நான்காவது வாரத்தில் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. எட்டாவது வாரத்தில் இருந்தது: தியானம் செய்தவர்களுக்கு எரிச்சலும் சோர்வும் குறைந்திருந்தன, கவனமும் நினைவாற்றலும் மேம்பட்டிருந்தன, மன அழுத்தம் தரும் சோதனையின்போது பதற்றம் குறைவாக இருந்தது. ஒரு மாதம் செய்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்துகிறவர்கள், பலன் தொடங்கும் நேரத்தில் எழுந்துபோகிறார்கள் என்று இதற்குப் பொருள்.

ஸ்டான்ஃபோர்டில் 2023-இல் வெளியான ஆய்வு இன்னும் குறைவாக, ஐந்து நிமிடத்தை எடுத்துக்கொண்டது. ஒரு மாதம் தினமும் ஐந்து நிமிடம் தியானம் செய்தவர்களும், வெவ்வேறு மூச்சுப் பயிற்சி செய்தவர்களும் பதற்றம் குறைந்ததாகச் சொன்னார்கள். மூக்கால் இருமுறை உள்ளிழுத்து வாயால் நீளமாக விடும் பெருமூச்சுப் பயிற்சி, மனத்தின் உற்சாகத்தைக் கூட்டுவதில் தியானத்தை முந்தியது. உட்கார்ந்தவுடன் சில நீண்ட மூச்சுகளோடு தொடங்கும் பழைய வழக்கத்துக்கு இது வலு சேர்க்கிறது. வலியைப் பொறுத்தவரை, ஃபாடெல் ஜெய்தானின் 2011 ஆய்வில், நான்கு நாள், நாளுக்கு இருபது நிமிடம் பயின்ற 15 பேர், காலில் வைத்த சூட்டின் வலி 40 சதவீதமும் அதன் துன்பம் 57 சதவீதமும் குறைந்ததாக மதிப்பிட்டார்கள். வலியைவிட வலியால் வரும் துன்பம் அதிகம் குறைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தியானம் மூட்டை மாற்றுவதில்லை; மூட்டுவலியோடு மல்லுக்கட்டும் மனத்தை மாற்றுகிறது.

‘எட்டு வாரத்தில் மூளை வளர்கிறது’ என்ற செய்தியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2011-இல் பிரிட்டா ஹோல்செல் குழு, எட்டு வாரப் பயிற்சிக்குப் பின் நினைவாற்றலோடு தொடர்புடைய மூளைப் பகுதியில் சாம்பல் நிறப் பொருளின் அடர்த்தி கூடியதாக எழுதியது. உலகம் முழுக்கப் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. 2022-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு, அதே வகைப் பயிற்சியை இன்னும் அதிகம் பேரிடம், இறுக்கமான ஒப்பீட்டோடு சோதித்தபோது மூளையின் கட்டமைப்பில் மாற்றம் எதையும் காணவில்லை. இரண்டாவது செய்திக்கு முதலாவதற்குக் கிடைத்த வரவேற்பு கிடைக்கவில்லை. தியானம் செய்கிறவர்களின் நடத்தையும் உணர்ச்சியும் மாறுகின்றன என்பதே போதுமான பலன். மூளை வளர்கிறது என்ற அலங்காரம் அதற்குத் தேவையில்லை.

தியானத்தோடு மனவளக்கலை இணைத்த அகத்தாய்வு, மேற்கத்திய ஆய்வுகளில் அதிகம் பேசப்படாத பக்கம். எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று அது தனித்தனிப் பாடங்களாக இருக்கிறது. யார் மீது கோபம் வருகிறது, எதனால் வருகிறது, எத்தனை முறை வருகிறது என்று காகிதத்தில் எழுதிப் பார்க்கச் சொல்கிறார்கள். உளவியல் மருத்துவர்கள் நோயாளியிடம் எண்ணங்களைப் பட்டியலிடச் சொல்லி, ஒவ்வொன்றையும் சோதிக்க வைக்கும் சிந்தனை–நடத்தைச் சிகிச்சையோடு இதற்கு நெருங்கிய ஒற்றுமை உண்டு. காலையில் பதினைந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு எட்டு மணிக்கு மகனை அடிக்கிற அப்பாவுக்கு, அகத்தாய்வு இல்லாத தியானம் பாதிப் பயிற்சிதான்.

சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது, செய்தால்தான் பலன் என்பதை 2022-இல் பிரிட்டனில் முடிந்த பெரிய பள்ளி ஆய்வு காட்டியது. 85 பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து நடந்த அந்த ஆய்வில், வகுப்பில் முழுக்கவனப் பாடம் நடத்தியதால் மாணவர்களின் மனநலத்தில் கூடுதல் நன்மை எதுவும் வரவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அதைச் செய்யவே இல்லை. பாடத்திட்டத்தில் தியானத்தைச் சேர்க்க வேண்டும் என்று அடிக்கடி எழும் கோரிக்கையை முன்வைக்கிறவர்கள் இந்த முடிவைப் படித்துவிட்டுப் பேசுவது நல்லது.

ஆகவே பழக்கமாக்குவதுதான் கடினமான பகுதி. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலி குழு நடத்திய ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமல் செய்யும் பழக்கமாக மாற நடுமட்டமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள் போதுமாயிற்று. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய நட்டமில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. புதிய பழக்கத்தை ஏற்கெனவே உள்ள ஒன்றோடு கட்டிவிடுவது எளிது: பல் துலக்கியதும், அல்லது முதல் காபிக்கு முன், அல்லது மாலை விளக்கேற்றியதும். ‘நேரம் கிடைக்கும்போது’ என்று வைத்துக்கொண்டால் அந்த நேரம் வராது.

பெருங்களத்தூர் போன்ற புறநகரில் நேரம் என்பது போக்குவரத்தைப் பொறுத்தது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து இந்தப் பாதையில் வளர்ந்த ஊர்கள் எல்லாம் காலையில் வடக்கே போய் இரவில் தெற்கே திரும்புகிறவர்களின் ஊர்கள். தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகமும், பின்னால் வந்த மென்பொருள் அலுவலகங்களும் ஷிப்ட் வேலையைக் கொண்டுவந்தன. காலை ஐந்து மணி, பிரம்ம முகூர்த்தம் என்ற பழைய கணக்கு இரவு ஷிப்ட் முடித்து ஏழு மணிக்கு வீடு வருகிறவருக்குப் பொருந்தாது. அவர் தூங்கப் போகும் முன் உட்காரலாம். நேரம் எது என்பதைவிடத் தினமும் அதே நேரம் என்பதே முக்கியம். உட்கார இடம் கிடைத்த மின்ரயிலிலும் செய்யலாம். தியானம் செய்கிறவரும் தூங்குகிறவரும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரிவது அங்கே ஒரு வசதி. இறங்க வேண்டிய நிலையத்துக்குக் கைபேசியில் அலாரம் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். இருசக்கர வாகனத்தில் சிக்னலுக்குக் காத்திருக்கும்போது கண்ணை மூடக் கூடாது என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

சத்தம் இல்லாத இடம் கட்டாயம் என்பதும் இல்லை. ரயில் பாதைக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே உள்ள வீடுகளில் ஹார்ன் ஓசை எந்த நேரமும் வரும். அதைத் தடுக்க முயன்றால் கவனம் முழுக்க அதிலேயே போகும். ஓசை வந்தது, கேட்டது, மீண்டும் மூச்சு என்று விட்டுவிட்டால் அதுவும் பயிற்சியின் பகுதியாகிவிடும்.

செய்யும் விதம் எளிது. முதுகு நேராக இருக்க வேண்டும், விறைப்பாக இருக்க வேண்டியதில்லை. தரையில் சம்மணமிட முடியாத மூட்டுகளுக்கு நாற்காலி போதும். பாதம் தரையில் பதிந்திருந்தால் சரி. கண்ணை மூடி, நாலைந்து முறை மூச்சை நீளமாக விட்டு, பிறகு அதன் போக்கில் விட வேண்டும். மூக்கு நுனியில் காற்று வந்து போவதைக் கவனிக்க வேண்டும். எண்ணம் இழுத்துக்கொண்டு போனது தெரிந்ததும், திட்டிக்கொள்ளாமல் திரும்ப வேண்டும். சாப்பிட்டவுடன் உட்கார்ந்தால் தூக்கம் வரும். பத்து நிமிடத்துக்கு மணி வைத்துவிட்டால் நேரம் பார்க்கும் ஆசை இருக்காது. மணி அடித்ததும் துள்ளி எழாமல், கை கால்களை அசைத்து மெதுவாகக் கண் திறக்க வேண்டும். இதற்குக் கட்டணச் செயலி தேவையில்லை. ஆசிரியர் ஒருவரிடம் ஒரு முறை கற்றுக்கொள்வது நல்லது. குழுவோடு வாரம் ஒரு முறை உட்கார்ந்தால் தொடர்ச்சி அறாது. மன்றங்களின் உண்மையான பயன் அந்தத் துணைதான்.

தியானத்துக்கும் பக்கவிளைவு உண்டு. 83 ஆய்வுகளைத் தொகுத்த 2020-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், பங்கேற்றவர்களில் சுமார் 8 சதவீதத்தினர் ஏதேனும் வேண்டாத விளைவைச் சந்தித்தது தெரியவந்தது. பெரும்பாலும் பதற்றம் கூடுவது, மனம் சோர்வது. மரபுகளுக்கு இது புதிதல்ல. ஆக்கினையில் நெடுநேரம் கவனம் வைத்துத் தலை கனத்தாலோ பரபரப்பு கூடினாலோ சாந்தி தவம் செய்யச் சொல்வது மனவளக்கலையின் வழக்கம். நெடுநாள் முகாம்களில் ஆபத்து கூடுதல், பத்து நிமிடத்தில் குறைவு. இருந்தாலும் மனச்சிதைவு, இருமுனை மனநோய் போன்றவை உள்ளவர்களும், பெரிய அதிர்ச்சியைக் கடந்து வந்தவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். கண்ணை மூடியதும் பழைய கொடுமை கண்முன் வந்து நிற்பவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்தபடி காலடியைக் கவனிக்கலாம், அல்லது நிறுத்திவிடலாம். நிறுத்துவது தோல்வி அல்ல.

சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு, மனச்சோர்வு ஆகியவற்றுக்கு எடுத்துவரும் மாத்திரையைத் தியானத்தை நம்பி யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. யோகப் பயிற்சியை மருத்துவரின் மேற்பார்வையில் கற்க விரும்புகிறவர்களுக்கு அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லாமலோ, எதிலும் பிடிப்பில்லாமலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடோ இருப்பவர்களுக்குத் தேவை தியானம் அல்ல, சிகிச்சை. அவர்கள் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கோ செல்லலாம். ஒன்றிய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.